சென்னை 720-ஐத் திரையில் பிடிக்க: பழைய ரேடியோவும் சவுண்ட் கார்டும்

பழைய ஏ.எம். ரேடியோக்களில் பெரும்பாலானவற்றில், எந்த நிலையத்துக்கு முள்ளைத் திருப்பினாலும் சிக்னல் உள்ளே 455 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும். அதை ஐ.எஃப். (இடைநிலை அலைவெண்) என்போம். கணினியின் சவுண்ட் கார்டு நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுத்தால், அதில் பாதி, அதாவது 24 கிலோஹெர்ட்ஸ் வரை அதற்குத் தெரியும். 455-ல் இருப்பதை 24-க்குக் கீழே இறக்கிக் கொடுத்துவிட்டால் போதும். வடிகட்டுவது, நிலையத்தைப் பிரிப்பது, ஒலியாக்குவது எல்லாவற்றையும் மென்பொருள் பார்த்துக்கொள்ளும். இந்த வேலையை மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் என் மாமா வீட்டு மேசை ரேடியோவில் செய்து முடித்திருக்கிறேன். செய்ததை விவரமாக எழுதி வைக்கிறேன்.

மாமா பால்மரம் வெட்டிய காலத்திலிருந்தே ரேடியோ கேட்பவர். தோட்டத்து லயத்தில் இருந்தபோது இரவானால் மத்திய அலையில் சென்னை 720 (720 கிலோஹெர்ட்ஸில் வரும் சென்னை வானொலி), சிற்றலையில் பிபிசி தமிழோசை என்று கேட்டு வளர்ந்த காது அவருக்கு. தமிழோசை 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு வானொலியை விட்டுப் போய்விட்டது. சென்னை 720-ஐ மட்டும் அவர் இன்னும் விடவில்லை. இங்கிருந்து சென்னை சுமார் 2,400 கிலோமீட்டர். நடுவில் பெரும்பகுதி கடல் என்பது நமக்குச் சாதகம். மத்திய அலை இருட்டில்தான் தூரம் போகும். நமக்கு ஏழரை மணிக்குப் பொழுது சாய்ந்தாலும், சென்னையில் சூரியன் மறைய நம் கடிகாரத்தில் எட்டரை, ஒன்பது ஆகிவிடும். அதற்குப் பிறகுதான் முழுப் பாதையும் இருட்டாகும். மாமாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒன்பது மணிக்கு முன்னால் அவர் ரேடியோவைத் தொடவே மாட்டார்.

தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு மாறிய பிறகு நிலைமை மோசமாகிவிட்டது. சத்தம் ஒரு பக்கம், பக்கத்து நிலையங்கள் இன்னொரு பக்கம். நம் வட்டாரத்தில் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்தவை. 720-க்குக் கீழே 711, மேலே 729. இரண்டிலும் இரவில் அயல்நாட்டு நிலையங்கள் பலமாக வரும். பழைய ரேடியோவின் வடிகட்டி அவற்றைப் பாதிதான் தடுக்கும். ஆனால் ஏ.எம். ஒலிபரப்பில் ஒரே நிகழ்ச்சி இரண்டு பிரதிகளாக வருகிறது: நடுவில் நிகழ்ச்சியைச் சுமந்து வரும் ஊர்தி அலை, அதற்குக் கீழே ஒரு பக்கப்பட்டை, மேலே ஒரு பக்கப்பட்டை. இரண்டிலும் இருப்பது ஒரே பாட்டுதான். கீழ்ப்பக்கம் 711-ஆல் கெட்டுப்போனால் மேல்பக்கத்தை மட்டும் எடுத்துக் கேட்கலாம். சாதாரண டயோடு டிடெக்டரால் அது முடியாது. மென்பொருளால் முடியும். இந்த வேலையைத் தொடங்கியதற்கு இதுதான் காரணம்.

விலை குறைந்த யு.எஸ்.பி. எஸ்.டி.ஆர். குச்சி (மென்பொருளால் இயங்கும் சின்ன ரேடியோ) ஒன்றை வாங்கிப் போட்டுவிடலாமே என்று சில நண்பர்கள் கேட்டார்கள். எஃப்.எம்., விமானச் சிக்னல் என்று மேல் அலைவரிசைகளுக்கு அது அருமையான பொருள்தான். ஆனால் சிக்னலை எண்களாக்கும் அதன் மாற்றி 8 பிட். சாதாரண சவுண்ட் கார்டே 16 பிட். அதோடு, நல்ல ஃபெரைட் தண்டும் (உள் ஆண்டெனா) சுற்றுகளும் கொண்ட ரேடியோ ஒன்று வீட்டில் வேலை செய்துகொண்டிருக்கிறது. மாமாவின் விரலுக்குப் பழகிய குமிழ் அது. அதை ஒதுக்க எனக்கு மனமில்லை.

ரேடியோவைத் திறக்குமுன் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நேரடியாக மின்சாரத்தில் ஓடும் பழைய வால்வு ரேடியோக்கள் உண்டு. அவற்றின் உலோகச் சட்டமே 240 வோல்ட்டோடு தொடர்பில் இருக்கலாம். அப்படிப்பட்டதைக் கணினியோடு ஒருபோதும் இணைக்காதீர்கள், உயிருக்கே ஆபத்து. மாமாவுடையது டிரான்சிஸ்டர் ரேடியோ, பேட்டரியிலும் ஓடும். பிளக்கைக் கழற்றிவிட்டு பேட்டரியில்தான் இந்த வேலை முழுவதையும் செய்தேன்.

உள்ளே சின்னச் சின்னத் தகர டப்பிகள் தெரியும். தலையில் நிறம் பூசியிருக்கும். சிவப்பு, அலையை உண்டாக்கும் ஆசிலேட்டர் சுருள். மஞ்சள், வெள்ளை, கறுப்பு மூன்றும் வரிசையாக முதல், இரண்டாம், மூன்றாம் ஐ.எஃப். டிரான்ஸ்ஃபார்மர்கள். கறுப்புக்கு அடுத்து டிடெக்டர் டயோடு இருக்கும். அந்த டயோடுக்கு முன்னால், கறுப்பு டப்பியின் இரண்டாம் சுற்றிலிருந்து சிக்னலை எடுத்தேன். இந்த இடத்தில் கம்பியை அப்படியே ஒட்டிவிடக் கூடாது. டப்பிக்குள் முதல் சுற்றோடு ஒரு மின்தேக்கி இருக்கும், சுமார் 200 பிகோஃபாரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை மீட்டர் கோஆக்சியல் கம்பிக்கு ஏறக்குறைய 50 பிகோஃபாரட் உண்டு. அதை அந்தச் சுற்றின் மேலே நேராகப் போட்டால் 455 என்பது 407-க்கு இறங்கிவிடும், ரேடியோ ஊமையாகிவிடும். இரண்டாம் சுற்றில் சில சுற்றுகளே இருப்பதால் பாதிப்பு குறைவு. அங்கேயும் ஒரு 10 பிகோஃபாரட் மின்தேக்கி வழியாகத்தான் எடுத்தேன். 455-ல் அதன் தடை சுமார் 35,000 ஓம். அடுத்து வரும் மிக்சரின் (இரண்டு அலைகளைக் கலந்து 455-ஐக் கீழே இறக்கும் சில்லு) உள்ளீடு 1,500 ஓம். ஆகவே சிக்னல் இருபதில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் போய்ச் சேரும். அது நமக்குத் தேவையானதுதான், ஏனென்றால் அந்த மிக்சர் பெரிய சிக்னலைத் தாங்காது. ஒரே ஒரு சின்ன மின்தேக்கி இரண்டு வேலையையும் செய்துவிடுகிறது.

மிக்சராக எஸ்.ஏ.612 என்ற எட்டுக்கால் சில்லைப் போட்டேன். இது இந்த வகை வேலைக்குப் பல காலமாகப் பழகிய சில்லு. 4.5 முதல் 8 வோல்ட் வரைதான் கொடுக்க வேண்டும். 9 வோல்ட்டை நேரடியாகக் கொடுக்காமல் 78எல்06 ரெகுலேட்டர் ஒன்றை முன்னால் வைத்தேன். சிக்னல் 1-ஆம் காலில், 2-ஆம் கால் 0.1 மைக்ரோஃபாரட் வழியாகத் தரைக்கு. வெளியீடு 4-ஆம் காலில். அதன் வெளியீட்டுத் தடையும் 1,500 ஓம்தான் என்பதால், அங்கிருந்து தரைக்கு ஒரு 4.7 நானோஃபாரட் போட்டாலே 22-23 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டும் எளிய வடிகட்டி கிடைத்துவிடுகிறது. அதன் பிறகு என்.இ.5532 என்ற இரட்டைப் பெருக்கிச் சில்லில் பாதியைச் சும்மா பஃபராக வைத்தேன், கம்பியைத் தள்ளுவதற்கு.

அடுத்து, மிக்சருக்கு அலை கொடுக்கும் ஆசிலேட்டர். 455-ஐ 12-க்கு இறக்க 467 வேண்டும். ஏன் 12? சவுண்ட் கார்டின் 0 முதல் 24 வரையுள்ள பரப்பில் அது நட்ட நடு. 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமும் அதன் மடங்குகளும் எங்கோ இடது ஓரத்தில் ஒதுங்கிவிடும். 443 வைத்தாலும் 12 கிடைக்கும், ஆனால் 467-ல் ஒரு நன்மை உண்டு. இந்த ரேடியோவின் உள் ஆசிலேட்டர் நிலையத்துக்கு மேலே ஓடுகிறது: 720-க்கு 1,175. அதனால் ஐ.எஃப்.-இல் மேல் கீழ் தலைகீழாக மாறியிருக்கும். 467-ஐக் கொண்டு கழித்தால் அது மறுபடியும் தலைகீழாகி நேராகிவிடும். திரையில் 711 இடப்பக்கமும் 729 வலப்பக்கமும் ஒழுங்காக வந்து நிற்கும்.

கெட்டுப்போன டிவி ரிமோட்டுகளில் 455 கிலோஹெர்ட்ஸ் செராமிக் ரெசனேட்டர் (ஒரே எண்ணில் அதிரும் சின்னத் துண்டு) கிடைக்கும். அந்த 455-ஐ 12-ஆல் வகுத்துத்தான் ரிமோட்டுகள் சுமார் 38 கிலோஹெர்ட்ஸ் அகச்சிவப்புத் துடிப்பை உண்டாக்கின. மேசை இழுப்பறையில் அப்படி நிறைய வைத்திருந்தேன். ஆனால் ரெசனேட்டரை அதன் சொந்த எண்ணிலிருந்து கொஞ்சம்தான் நகர்த்த முடியும். 455-ஐ 467 வரை ஏற்ற வழியில்லை. 470 எண்ணுள்ளது கிடைத்தால் மின்தேக்கியைப் பெரிதாக்கி 467-க்கு இறக்கிவிடலாம். பலர் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஈப்போவில் தேடியும் எனக்கு 470 கிடைக்கவில்லை. அதனால் எஸ்.ஐ.5351 கடிகாரச் சில்லுப் பலகை ஒன்றை இணையத்தில் வாங்கினேன், சில வெள்ளிக்கே கிடைக்கிறது. ஆர்டுயினோ நானோ என்ற குட்டிக் கணினிப் பலகை ஒன்று அதற்கு எண்ணைச் சொல்லிவிட்டுத் தூங்கிவிடும். தூங்க வைப்பது முக்கியம். விழித்திருக்கும் நானோ தன் பங்குக்கு இரைச்சலை வீசிக்கொண்டே இருக்கும். மின்சாரம் இருக்கும்வரை 5351 சொன்னதை மறக்காது. அதன் வெளியீடு 3 வோல்ட்டுக்கு மேல் வரும் சதுர அலை. 10 கிலோ ஓமும் 1 கிலோ ஓமும் கொண்டு அதைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து, 10 நானோஃபாரட் வழியாக எஸ்.ஏ.612-இன் 6-ஆம் காலில் கொடுத்தேன்.

சதுர அலை என்றால் மடங்குகள் பிறக்கும். 467-ஐ இரண்டால் பெருக்கினால் 934. திருச்சி வானொலியின் மத்திய அலை 936. அங்கே முள்ளை வைத்தால் 2 கிலோஹெர்ட்ஸ் விசில் ஒன்று நிற்கிறது! மூன்றாம் மடங்கு 1,401-ல் விழுகிறது. ரேடியோவுக்குள் இருக்கும் ஃபெரைட் தண்டு நல்ல ஆண்டெனா. அதன் பக்கத்திலேயே நாம் ஒரு சின்ன ஒலிபரப்பு நிலையத்தை வைத்தது போல் ஆகிவிடும். இதற்கு மருந்து, மொத்தச் சுற்றையும் தகரத்துக்குள் அடைப்பதுதான். காலி மைலோ டின் ஒன்றை எடுத்தேன். உள்பக்க விளிம்பில் பூச்சைச் சுரண்டிவிட்டால் ஈயம் நன்றாகப் பிடிக்கிறது. ஆறு டபுள்-ஏ பேட்டரியும் டின்னுக்குள்ளேயே. வெளியே வருவது இரண்டு கம்பிகள் மட்டும். விசில் முழுக்கப் போகவில்லை, ஆனால் 936 கேட்கும் அளவுக்கு அடங்கிவிட்டது.

இங்கே ஒரு விஷயம். நான் மூன்று ஐ.எஃப். டப்பிகளையும் தாண்டிய பிறகு சிக்னலை எடுப்பதால், ஒரே மிக்சர் போதுமானது. 467-க்கு மேலே 479-ல் எது இருந்தாலும் அதுவும் 12-ல்தான் வந்து விழும். ஆனால் 455-க்குச் சுதி சேர்த்த மூன்று டப்பிகள் அதை உள்ளே விடுவதில்லை. மஞ்சள் டப்பிக்கு முன்னால் எடுத்து அகலமான பரப்பைக் காண ஆசைப்பட்டால், இரண்டு மிக்சர், 90 பாகை விலக்கம், ஸ்டீரியோ லைன்-இன் என்று வேலை வளரும். எனக்கு 720-ம் அதன் இருபுறமும் தெரிந்தால் போதும்.

சவுண்ட் கார்டைப் பற்றி. மடிக்கணினியில் இருப்பது பெரும்பாலும் மைக் உள்ளீடு மட்டும்தான். அது மோனோ. அதில் மைக்குக்காகச் சில வோல்ட் நேர்மின்சாரம் வரும். அதோடு இரைச்சலை நீக்குகிறேன் என்று இயங்குதளம் தானாகவே சிக்னலைப் பிசையும். நமக்கு வேண்டிய சிக்னலே அதன் கண்ணுக்கு இரைச்சல்தான். ஆகவே லைன்-இன் உள்ள வெளிக் கார்டு நல்லது. நான் வைத்திருப்பது பெரிங்கர் யு.சி.ஏ.202: 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், இரண்டு ஆர்.சி.ஏ. உள்ளீடு. இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். மைக் உள்ளீட்டையே பயன்படுத்த வேண்டியிருந்தால் நடுவில் 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைக் கட்டாயம் போடுங்கள், இயங்குதளத்தின் ஒலி மேம்பாட்டு அமைப்புகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

டின்னுக்கும் கார்டுக்கும் நடுவில் கார் ஆடியோவுக்கென்று விற்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டரைப் போட்டேன். உள்ளே இரண்டு சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கும், அவ்வளவுதான். கணினியின் தரையும் ரேடியோவின் தரையும் ஒன்றையொன்று தொடாமல் சிக்னல் மட்டும் கடந்து போகும். இதைப் போட்டதும் திரையில் அடித்தளம் தெளிவாகக் கீழே இறங்கியது. மொத்த வேலையிலும் கொடுத்த காசுக்கு அதிகப் பலன் தந்த பொருள் இதுதான் என்பேன்.

மென்பொருள் எச்.டி.எஸ்.டி.ஆர். விண்டோஸில் இலவசமாகக் கிடைப்பது, ஆல்பர்டோ டி பெனே எழுதிய வின்ராட் என்ற மென்பொருளிலிருந்து வளர்ந்தது. உள்ளீடாக யு.சி.ஏ.202, வெளியீடாக மடிக்கணினியின் ஒலிபெருக்கி. மாதிரி வேகம் 48,000. விண்டோஸின் ஒலி அமைப்பிலும் அதே எண் இருக்க வேண்டும், இல்லையென்றால் நடுவில் அது மாற்றிக் கெடுக்கும். உள்ளீட்டுச் சேனலை இடது மட்டும் என்று வையுங்கள். அப்புறம் அளவு. ஃபெரைட் தண்டிலிருந்து வரும் இயற்கை இரைச்சல், கார்டின் சொந்த இரைச்சலைவிட 10 டெசிபல் அளவுக்கு மேலே நின்றால் போதுமானது. அதற்கு மேல் ஏற்றினால் உரத்த நிலையம் வரும்போது முட்டிக்கொள்ளும்.

திரையில் முதலில் தெரிந்தது நிலையம் அல்ல, ஒரு மேடு. 12-ஐச் சுற்றி 8 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் இரைச்சல் உப்பிக்கொண்டு நிற்கிறது. அந்த மேட்டின் வடிவம்தான் ரேடியோவின் வடிகட்டி! இத்தனை ஆண்டுகளாக உள்ளே இருந்த வடிகட்டியை அப்போதுதான் கண்ணால் பார்க்கிறேன். அதோடு 1, 2, 3 என்று ஒவ்வொரு கிலோஹெர்ட்ஸிலும் ஊசி போன்ற கோடுகள். அவை யு.எஸ்.பி.-யின் துடிப்பு, நொடிக்கு ஆயிரம். துல்லியமாக 12-லும் ஒன்று நின்றது. 5351 கையில் இருப்பதன் அருமை இங்கேதான். எண்ணை 467.4 என்று மாற்றினேன், நிலையம் 12.4-க்கு நகர்ந்தது, ஊசி ஒதுங்கியது.

மேடு ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. ஐ.எஃப். டப்பிகள் காலப்போக்கில் சுதி விலகியிருக்கின்றன. வழக்கமாக இதைச் சரிசெய்ய சிக்னல் ஜெனரேட்டர் வேண்டும். இப்போது எதுவும் வேண்டாம், திரை போதும். உலோகத் திருப்புளியை உள்ளே விட்டால் அதுவே சுருளின் குணத்தை மாற்றிவிடும், ஃபெரைட் மையமும் எளிதில் உடையும். சாத்தே குச்சி ஒன்றின் முனையைத் தட்டையாகச் சீவிக்கொண்டேன், மூங்கில் என்பதால் கச்சிதம். மஞ்சளை ஒரு மயிரிழை திருப்பினால் மேட்டின் இடத்தோள் உயர்கிறது, வெள்ளையைத் திருப்பினால் உச்சி நகர்கிறது. இப்படிப் பார்த்துப் பார்த்து, மேட்டின் நடு 12.4-ல் நிற்கும்வரை திருப்பினேன். சாதாரண ஒலிபெருக்கியிலேயே ரேடியோ முன்பைவிடத் தெளிவாகப் பேசத் தொடங்கியதை மாமாதான் முதலில் சொன்னார். கணினியே இணைக்காமல் கேட்பவர்களுக்கும் இந்த ஒரு பயன் உண்டு.

இரைச்சலைத் துரத்தியது தனிக் கதை. மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கியதும் பாதி அடங்கியது. அதனால் கேட்கும் நேரத்தில் பேட்டரியில்தான் ஓட்டுகிறேன். அடுப்படியின் எல்.இ.டி. விளக்கு ஒன்று இன்னொரு பங்கு. ரேடியோவைக் கணினியிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி வைத்தேன். அதற்குப் பிறகும் நீர்வீழ்ச்சித் திரையில் (சிக்னல் நேரத்தோடு நகர்ந்து தெரியும் படம்), நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் குறுக்குக் கோடு விழுந்துகொண்டே இருந்தது. டக், டக், டக். இவ்வளவு ஒழுங்காக அடிப்பது எது? சின்ன பேட்டரி ரேடியோ ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு தெருமுனை வரை நடந்தேன். செம்பனைத் தோட்டத்தின் பக்கம் போகப்போகச் சத்தம் ஏறியது. யானையும் காட்டுப்பன்றியும் வராமல் இருக்கப் போட்ட மின்வேலி அது. வேலி நொடிக்கொரு முறை துடிப்பது இயல்பு. கம்பியில் லாலான் புல் படர்ந்து பொறி பறந்தால்தான் இவ்வளவு தூரம் கேட்கும். தோட்டத்துக் காவலாளியிடம் காட்டினேன். புல்லை வெட்டியதும் கோடுகள் மங்கின. மின்கசிவு நின்றால் வேலிக்கும் பலம் கூடும் என்பதால் அவருக்கும் திருப்தி. மிச்சத்தை மென்பொருளின் நாய்ஸ் பிளாங்கர் (துடிப்பு இரைச்சலை வெட்டும் வசதி) துடைத்துவிடுகிறது.

சரி, இரவு ஒன்பதுக்கு வருவோம். ஃபெரைட் தண்டு தன் நீளவாக்கில் எதையும் பிடிக்காது, பக்கவாட்டில்தான் பிடிக்கும். ஆகவே ரேடியோவின் முகம் மேற்கு-வடமேற்கைப் பார்க்கும்படி வைத்தோம், கடலுக்கு அப்பால் சென்னை அந்தத் திசையில்தான். மாமா முள்ளை நகர்த்தினார். திரையில் 12.4 அருகே மெல்லிய நேர்க்கோடு ஒன்று வந்து நின்றது. காதில் இன்னும் எதுவும் தெளிவாக இல்லை, ஆனால் ஊர்தி அலை கண்ணுக்குத் தெரிகிறது. இடப்பக்கம் 3.4-ல் தடித்த கோடு ஒன்று, அதிலிருந்து சிதறல் 720-இன் கீழ்ப்பாதி வரை பாய்ந்திருந்தது. அது 711 என்று காட்டினேன்.

“இவன்தானாடா இத்தனை வருசமா என் பாட்டைக் கெடுத்தவன்?” என்றார் மாமா.

எச்.டி.எஸ்.டி.ஆரில் ஈ.சி.எஸ்.எஸ். முறையைத் தேர்ந்தெடுத்தேன். இதில் மென்பொருள், வாடி வாடி வரும் ஊர்தி அலைக்குப் பதிலாகத் தன்னுடைய நிலையான அலையை வைத்து ஒலியைப் பிரிக்கும். தூரத்து நிலையம் மங்கும்போது பாட்டு கரகரத்துச் சிதைவது, பெரும்பாலும் பக்கப்பட்டைகள் இருக்கும்போதே ஊர்தி அலை மட்டும் வாடுவதால்தான். அந்தச் சிதைவு போய்விட்டது. பிறகு வடிகட்டியின் இடது ஓரத்தைச் சுட்டியால் பிடித்து ஊர்தி அலை வரைக்கும் இழுத்தேன். மேல்பக்கப்பட்டை மட்டும், 3.5 கிலோஹெர்ட்ஸ் அகலம். 711-இன் சத்தம் சட்டென்று விலகியது. பழைய சினிமாப் பாட்டு ஒன்று, சுசீலாவின் குரல் என்று மாமா அடையாளம் சொல்லும் அளவுக்குத் தெளிவாக வந்தது. ஒலி மேலும் கீழும் போவதை எந்த மென்பொருளும் தடுக்காது, அது வானத்தின் வேலை. ஆனால் வார்த்தை புரிகிறது. அவருக்கு வேண்டியதும் அதுதான்.

முள் ரேடியோ என்பதால் முதல் அரை மணி நேரம் நிலையம் திரையில் மெல்ல நகரும், நேர்க்கோடு சாய்கோடாகத் தெரியும். ஈ.சி.எஸ்.எஸ். முறைக்கு அந்த நகர்வு ஆகாது. எட்டரைக்கே ரேடியோவைப் போட்டுச் சூடாக விட்டால் ஒன்பதுக்கு நிலைத்துவிடுகிறது. மின்விசிறிக் காற்று நேராக ரேடியோமேல் படாமல் வைத்தாலும் வித்தியாசம் தெரிகிறது.

இடி இறங்கும் நேரத்தில் மட்டும் இதைத் தொட வேண்டாம். நம் பக்கத்து மழை எப்படி என்று எல்லாருக்கும் தெரியும். வெளியே ஆண்டெனா இல்லையென்றாலும், ஐசொலேட்டர் கம்பியையும் யு.எஸ்.பி.-யையும் பிடுங்கி வைத்துவிடுகிறோம். அடுத்ததாக டி.ஆர்.எம். டிஜிட்டல் ஒலிபரப்பை முயல எண்ணம். இந்திய வானொலி மத்திய அலையில் அதை நடத்துகிறது. டி.ஆர்.எம்.-க்கு 10 கிலோஹெர்ட்ஸ் முழு அகலம் வேண்டும். மாமாவின் ரேடியோவில் உள்ள மேடு 8-ஐத் தாண்டாது. சி.எஃப்.டபிள்யூ.455எஃப் என்ற முராட்டா செராமிக் வடிகட்டி 12 கிலோஹெர்ட்ஸ் விடும். ஆனால் அதை இந்த ரேடியோவில் போட்டால் 711 மறுபடியும் உள்ளே வந்துவிடும் என்பதால், பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) கிடைத்த இன்னொரு பழைய ரேடியோவை அதற்கென்று திறந்து வைத்திருக்கிறேன்.